முழு மதிப்பெண் வகுப்பு

பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்டு மதிப்பெண் போடும் வாசிப்புச் செயலியை வகுப்புகளில் சோதித்துப் பார்த்தபின், அதைப் பள்ளிகளுக்கு வாங்கலாமா என்று முடிவுசெய்ய ஆசிரியர்கள் கூடியிருந்தார்கள். செண்பகவல்லிக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அவள் வகுப்பில் திக்கிப் பேசும் பிள்ளையை அது பாதியிலேயே நிறுத்தி, ‘தவறு’ என்று சொல்லி அழவைத்திருந்தது. இருதயராஜ் சார் வகுப்பில் மட்டும் எல்லோருக்கும் முழு மதிப்பெண்.

“எப்படி சார்?” என்று கேட்டாள்.

“அது பேசுற மாதிரியே பேசப் பழக்கிட்டேன் டீச்சர். நீங்களும் பழக்குங்க.”

அவர் பெருமையோடு செல்போனில் பதிவை ஓடவிட்டார். பிள்ளைகள் ஒவ்வொருவராக வாசித்தார்கள். எல்லாம் ஏற்ற இறக்கமில்லாத ஒரே குரல். அவள் கொதித்து எழுந்துவிட்டாள்.

“உங்க மகளும் இந்த வகுப்புதானே சார்? இதுல அவ குரல் எது?”

“இப்ப வரும்” என்று சிரித்தார். பதிவு முடிந்துபோனது. சிரிப்பில்லாமல் மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டு, போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.