முதல் செடி

“ஞாயித்துக்கிழமையானா ஏரி, ஏரி, ஏரி! கட்டின பொண்டாட்டியைவிட அந்தச் சேறு உங்களுக்கு ஒசத்தியாப் போச்சு!”

ஆறு வருஷமாக அவள் பாடும் அதே பாட்டு. ஒரு எழுத்துகூட மாறியதில்லை. இன்றைக்கு மட்டும் கூடவே ஒரு வால்.

“முட்டி தேய்ஞ்சுபோச்சு, தண்ணியில நிக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியாச்சு. நானே வந்து, இனிமே இவர் வரமாட்டார்னு அந்தக் கும்பல்கிட்ட சொல்லிடறேன்.”

“வா. பழைய செருப்பாப் போட்டுக்கோ” என்றார் கணவர்.

கரையில் ஏரியைச் சுத்தம் செய்ய இருபது பேர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு நின்றார்கள். வீட்டில் உப்பு டப்பாவுக்கும் சர்க்கரை டப்பாவுக்கும் வித்தியாசம் தெரியாத மனுஷன், இங்கே முழங்கால் தண்ணீரில் நின்று, கையால் தடவியே செடிகளின் பூர்வீகம் சொன்னார்.

“காம்பு பஞ்சு மாதிரி உப்பி, மிதந்துட்டு இருந்தா ஆகாயத்தாமரை. வெளிநாட்டுச் சரக்கு, பிடுங்குங்க. காம்பு ஒல்லியா, வேர் சேத்துல இருந்தா கருங்குவளை. நம்ம செடி, கை வைக்காதீங்க.”

அவர் பிடுங்கிய குவியலில் ஒரு நல்ல செடிகூட இல்லை. பஸ் டிரைவரும் பல் டாக்டரும் “சார், இது?” “சார், இது?” என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நீட்டினார்கள். அவளுக்குக்கூடக் கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்வாளா என்ன!

பல் டாக்டர் ஒரு கொத்தை இழுத்துக் கரையில் போட்டார்.

“எந்த மடப்பய சார் இதை முதல்ல இங்க கொண்டுவந்து விட்டது?”

கொத்தின் நடுவே ஊதாப் பூ. மேலிதழில் மஞ்சள் பொட்டு.

பழைய வீட்டு மொட்டை மாடியில், நீலத் தொட்டியில் அவள் ஆசை ஆசையாக வளர்த்த பூ! வீடு மாறியபோது, ‘பக்கத்து வீட்டுல குடுத்துட்டேன்’ என்று அவரிடம் அளந்துவிட்டு, இந்த ஏரியில்தான் கவிழ்த்தாள்.

“மடப்பய எல்லாம் இல்ல டாக்டர்” என்றார் கணவர், நிமிராமல். “தொட்டியில வளர்த்த செடியா இருக்கும். காயவிட மனசு வராம, பிழைச்சுப் போகட்டும்னு விட்டிருப்பாங்க. நல்ல மனசுதான். விவரம் தெரியல, அவ்வளவுதான்.”

டாக்டர் அந்தப் பக்கம் போனதும், அவள் செருப்போடு தண்ணீரில் இறங்கினாள்.

“உங்களுக்கு எப்போ தெரியும்?”

“அடுத்த மழைக்கு ஏரியில பாதி மூடிக்கிச்சு. என்னடான்னு பார்க்க வந்தா, கரையில நம்ம நீலத் தொட்டி கிடக்குது.”

மறுபடி குனிந்தார். முட்டி மடங்கும்போது முகம் சுளித்தது. அவர் கையிலிருந்த கொத்தை அவள் பிடுங்கிக் கரையில் எறிந்தாள்.

“இந்தக் காலை வெச்சுக்கிட்டு ஆறு வருஷம்! நான் பேசின பேச்சுக்கு ஒரு நாளாவது திருப்பிக் கேட்டிருக்கக் கூடாதா? இப்பவாவது என்னை ரெண்டு வார்த்தை திட்டுங்களேன்.”