நிலாவின் நாற்காலி

மனைவியின் நாற்காலியை மூன்றாவது முறையாகச் சுவர் வரை தள்ளி வைத்தார் பேராசிரியர்.

"நீ நிலா. நிலா தன் பாட்டுக்கு நகர்ந்து வரக் கூடாதும்மா."

அவள் சிரித்துத் தலையாட்டினாள்.

மறுநாள் அவருக்குப் பாராட்டு விழா. ஏற்புரைக்கு ஈர்ப்பு விசையை எடுத்துக்கொண்டிருந்தார். ஒத்திகைக்குக் கூடத்து முக்காலிதான் மேடை, அதுவே பூமி; சுவரோரம் உட்காரும் மனைவி நிலா. மைக்குக்குப் பதில் கரண்டி. புழுக்கத்திலும் கோட்டு.

முக்காலியில் ஏறி, ஜன்னலைச் சபையாக நினைத்து முழங்கினார். தூரம் இரண்டு மடங்கானால் இழுக்கும் விசை கால்வாசியாகிவிடும். தூரம் பாதியானால் விசை நான்கு மடங்கு.

கைதட்டலுக்கு இடம் விட்டு நிறுத்தினார்.

நாற்காலி தரையில் உரசும் சத்தம்தான் கேட்டது. நிலா மறுபடி முக்காலியடியில் வந்து உட்கார்ந்திருந்தது.

கோபம் வந்தாலும் உள்ளூரப் பெருமைதான். பேச்சு ஆளை அப்படி இழுக்கிறது!

கொஞ்ச நாளாகவே அவளிடம் ஒரு மாற்றத்தை அவர் கவனித்து வந்தார். அவர் ஒன்று சொன்னால் ஒன்பது சொல்லும் வாய் அது. இப்போது எதைச் சொன்னாலும் ஒரு சிரிப்பு, ஒரு தலையாட்டல். கல்யாணமான நாளிலிருந்து எதிர்பார்த்திருந்த மரியாதை ஒருவழியாக வீட்டுக்குள் வந்துவிட்டது என்று நண்பர்களிடம்கூடச் சொல்லி வைத்திருந்தார்.

இருந்தாலும் விதி விதிதான். இறங்கி வந்து நாற்காலியைப் பிடித்தார்.

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவ்வளவு தூரம் வேண்டாங்க. கொஞ்ச நாளாவே நிலாவுக்குக் காது சரியா கேக்கல. உங்க விழா முடியட்டும்னு பாத்தேன்."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவள் கண்கள் அவருடைய உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தன.

அத்தனை தலையாட்டல்களும் ஒவ்வொன்றாக அவருக்குத் திரும்பி வந்தன.

கரண்டியைக் கீழே வைத்தார். கோட்டைக் கழற்றினார். முக்காலியை இழுத்துப் போட்டு, முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து, அவள் காதருகே குனிந்து, 'அவையோர்க்கு வணக்கம்' என்பதிலிருந்து மெதுவாக ஆரம்பித்தார்.

அவள் கடைசி வரை கேட்டாள்.

"இதையா இத்தனை நாளா கத்திட்டிருந்தீங்க? ஒரே ஜவ்வு. பாதியை வெட்டுங்க."

"என்னது? இன்னொரு தடவை சொல்லு," என்றார், காது நன்றாகவே கேட்கும் பேராசிரியர்.