ஒட்டாத சில்லுகள்

மஞ்சளும் எலுமிச்சையும் கரைத்த தண்ணீரில் முக்கியபோது, அம்மாவின் மண்டையோடு ருமொண்டாங்கின் கைக்குள் குழந்தைத் தலைபோல அடங்கியது.

பிறந்து நாற்பத்தெட்டு வருடம் கழித்து இன்றுதான் அம்மாவைத் தொடுகிறாள்.

கீழே தோபா ஏரியைப் பனி மூடியிருந்தது. மேளச்சத்தம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்டது. பழைய புதைகுழியைத் தோண்டி எடுத்த எலும்புகளைக் கழுவி, வெள்ளைத் துணியில் சுற்றி, பெயர் எழுதி, முன்னோரின் எலும்புகள் இருக்கும் கல்வீட்டில் ஏற்ற வேண்டும்.

"நல்லாத் தேய்ச்சுக் கழுவுடி. பொறக்கும்போதே நீ முழுங்கின தலைதானே" என்றாள், செத்துப்போன அப்பாவின் தங்கை தியூர்மா அத்தை.

கேட்டுக் கேட்டுப் புளித்த வசவுதான். இன்றும் வலித்தது. அந்தப் பாவத்தைத் தீர்க்கத்தான் ருமொண்டாங் மருத்துவச்சியே ஆனாள்.

எலும்போடு எலும்பு சேரும் கோட்டில் விரலை ஓட்டினாள். தையல் போட்டதுபோல் நெளிந்து போனது. சாகும்போது அம்மாவுக்கு இருபத்திரண்டு வயது.

குழிக்குள் நின்ற மைத்துனன் ஒரு கை மண்ணை நீட்டினான். இடுப்பெலும்புக்கு நடுவில் கிடந்ததாம். ஏதோ சிரட்டைத் துண்டு, தூக்கிப் போடட்டுமா என்று கேட்டான்.

அவள் வாங்கி அலசினாள். முட்டை ஓடு போல மெல்லிய ஐந்து சில்லுகள்.

நெற்றிக்கு இரண்டு, உச்சிக்கு இரண்டு, பிடரிக்கு ஒன்று. பிறக்கும்போது வழிவிட்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும் எலும்புகள். எத்தனையோ பச்சைப்பிள்ளைத் தலைகளில் அவள் தடவிப் பார்த்தவை. இவற்றுக்கு ஒட்டிக்கொள்ள நேரம் கிடைக்கவில்லை.

மாதம் நிறைந்த குழந்தை. அம்மாவின் வயிற்றை விட்டு வெளியே வரவே இல்லை.

மலைமேல் காபித் தோட்டத்துக் குடிசையில் அந்தப் பிரசவம் பார்த்தது அத்தை ஒருத்திதான். ருமொண்டாங் அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

அத்தையின் வாயில் வெற்றிலை அப்படியே நின்றது.

"அவளப் பொதச்ச மறுநாளே ஒங்கப்பன் படகேறி அக்கரைக்குப் போயி, யாரோ பெத்த ஒன்னத் தூக்கிட்டு வந்தான். பேரு பார்த்து வச்சாச்சு, அதுக்கு ஒரு புள்ள வேணாமான்னு அழுதான்."

ருமொண்டாங் யாரையும் முழுங்கவில்லை. அவளுக்கு அம்மாவும் இல்லை. எதற்கு அழுகிறோம் என்று தெரியாமலே அழுதாள்.

பிறகு ஐந்து சில்லுகளையும் உள்ளங்கையில் தலையாகச் சேர்த்துவைத்தாள். துணியில் பாதியைக் கிழித்துச் சுற்றினாள்.

கோயில் மூப்பர் பேனாவும் தாளுமாக வந்தார். பெரிய மூட்டைக்கு அம்மாவின் பெயரை எழுதிக்கொண்டு, சின்னதற்கு என்ன பெயர் என்று கேட்டார்.

"ருமொண்டாங்" என்றாள் அவள்.