பேர் கூப்பிடும் வேன்

கம்பெனி வேன் பள்ளிகொண்டா தாண்டினதும் டிரைவர் துரைசாமி பேர் கூப்பிட ஆரம்பித்துவிடுவார்.

“சைரா?”

“இருக்கேன்.”

“கிறிஸ்டினா?”

“இருக்கேன்ணா.”

“ஜோதி?”

“இருக்கேன்.” ஜோதிக்கு எரிச்சல். நாளெல்லாம் ஷூ தைத்துவிட்டு வருகிறவள் வேனில் கொஞ்சம் கண்ணயரக் கூடாதா?

கடைசியாக, “பாரதி?”

அந்த வேனில் பாரதி என்று யாருமே இல்லை. துரைசாமி கண்ணாடியில் காலியான பின் சீட்டைப் பார்ப்பார். பதில் வருமென்று காத்திருப்பார். அப்புறம்தான் அடுத்த கியர். ஜோதிக்கு முதுகு சில்லிட்டுப் போகும்.

மழை பெய்தாலும் ஜன்னலைச் சாத்த விடமாட்டார். பொறுத்துப் பார்த்த ஜோதி கம்பெனியில் சொல்லிவிட்டாள். “பேய்கிட்ட பேசறார் சார். ஆளை மாத்துங்க.”

மாற்றிவிட்டார்கள். கடைசி நாள் துரைசாமி வேனுக்கு அடியில் படுத்து, சைலன்சர் பைப்பை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜோதிக்கு மனசு கேட்கவில்லை.

“இன்னாண்ணா, லொடலொடன்னு ஆடுது?”

“ஆடணும்மா. ரப்பர்ல தொங்கினாதான் இன்ஜின் உதறலைத் தாங்கும். இறுக்கிக் கட்டினா வெடிப்பு விட்டுடும். புகை சீட்டுக்கு அடியில ஏறும். ஒண்ணும் தெரியாது, தூக்கம்தான் வரும்.”

“பாரதி யாருண்ணா?”

“பழைய வேன்ல பின் சீட்டுல வருவா. சத்தம் பேஜாரா இருக்குன்னு நான்தான் பைப்பைக் கம்பி போட்டு இறுக்கினேன். அன்னிக்கு மழை, ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. அவ ஊர் வந்ததும் கூப்பிட்டேன். எழுந்திருக்கல.”

ஜோதி ஆபீசுக்கு ஓடினாள். ஆர்டர் போட்டாச்சு என்று கையை விரித்துவிட்டார்கள்.

புது டிரைவர் சூரியபிரகாஷ் ஜாலியான ஆள். பாட்டுப் போட்டான், ஜன்னலைச் சாத்தச் சொன்னான். எல்லோருக்கும் ஏக சந்தோஷம். ரப்பர்தான் நன்றாக இருக்கிறதே என்று ஜோதியும் சும்மா இருந்துவிட்டாள்.

ஒரு மாசம் கழித்து ஒரு மழை நாள். பள்ளிகொண்டா தாண்டும்போது, முன் சீட்டிலிருந்த ஜோதியிடம் பேச்சோடு பேச்சாக அவன் சொன்னான்.

“வந்த அன்னிக்கு இன்னா ஆட்டம் ஆடுச்சு தெரியுமாக்கா இந்த பைப்பு? கம்பி போட்டு இறுக்கிட்டேன்.”

ஜோதி திரும்பிப் பார்த்தாள். வேன் முழுக்கத் தூக்கம்.

“வண்டிய நிறுத்து” என்று கத்திக்கொண்டே ஜன்னல்களைத் திறந்தாள்.

“சைரா?”

“இருக்கேன்.”

“கிறிஸ்டினா?”

பின் சீட்டிலிருந்து பதில் இல்லை. ஓடிப்போய் உலுக்கினாள். மூன்றாவது தடவைதான் கண் திறந்தது.

“இருக்கேன்டி. மனுஷியைத் தூங்கவிடமாட்டியா? அந்தாளைப் புடிச்ச பேய் உன்னையும் புடிச்சிக்கிச்சா?”