சீட்டாட்டத்தில் போன பலகை

“சாட்சிக்கு ஆள் இருக்கு, ராய்ஸ். உன் மகள் மெரின் இருக்கா, மேசையைச் சீர் பண்ண வந்த டெஸ்மண்ட் இருக்காரு, நான் இருக்கேன். வேணும்னா உன் நாயையும் சேர்த்துக்கோ. இப்பவாவது சொல்லு, இந்த மேசையோட இன்னொரு பக்கப் பலகை எங்க போச்சு?”

பக்கத்துப் பண்ணை நோலா கேட்டுவிட்டு, கொண்டுவந்த லாமிங்டன் கேக் தட்டைக் கொட்டகையில் நின்ற டிராக்டர் மேல் வைத்தாள்.

ராய்ஸ் ஹால்டேன் நாயின் காதைச் சொறிந்துகொடுத்தார். எண்பது தாண்டியும் நாற்காலியில் சாய்ந்து உட்காராத மனிதர்.

மேசை அவருடைய தாத்தா காலத்தது. நல்ல செடார் மரம். இரண்டு பக்கமும் கீல் வைத்து மடிக்கிற பலகைகள். அதில் ஒன்று இல்லை. ராய்ஸின் அப்பா அதைச் சீட்டாட்டத்தில் தோற்றுவிட்டார் என்பது ரிச்மண்ட் ஆற்றோரப் பண்ணைகளில் எழுபது வருடப் பேச்சு. அப்படிச் சொன்ன ஒருவனால் ராய்ஸ் மதுக்கடைக்குப் போவதையே நிறுத்தினார். “எங்கப்பா சீட்டைத் தொட்டதே இல்லை” என்பார். பின்னே பலகை எங்கே என்று கேட்டால் மட்டும், அவருக்கு மாடு கறக்க நேரமாகிவிடும்.

“அப்பா, ஊர்க் கண்காட்சிக்கு இது நூறாவது வருஷம்,” என்றாள் மெரின். “மேசையை வாசல்லயே வைக்கப் போறாங்க. அதோட கதையை அட்டையில எழுதி மாட்டணும். ஊரே படிக்கும். தாத்தா பேரைக் காப்பாத்த இதை விட்டா வேற சமயம் வராது.”

டெஸ்மண்ட் மேசையைக் கவிழ்த்து, கீல் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

“பிடுங்கலை. திருகாணியை ஒவ்வொண்ணா நிதானமாக் கழட்டியிருக்காங்க. அதுவுமில்லாம, ஒரு பலகையை மட்டும் எவன் பந்தயத்துக்கு எடுத்துப்பான்?”

“கேட்டியாப்பா!” மெரினின் முகம் மலர்ந்தது.

“அவங்கப்பாவை உங்களுக்குத் தெரியாது,” என்றாள் நோலா. “நல்லாப் புல் விளையற மேட்டை, மாடு நுழையாம வேலி போட்டு வெச்ச மனுஷன். அவர் கணக்கே தனி.”

டெஸ்மண்ட் மிஞ்சியிருந்த பலகையின் அடிப்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்தார். கை நின்றது.

“இங்க பென்சில் கோடு இருக்கு. ஏதோ பெட்டி செய்ய அளவு போட்டுப் பார்த்திருக்காங்க. சின்னப் பெட்டி. ஒரு முனை குறுகலா…”

நோலா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். “வயலின் பெட்டி மாதிரி இருக்கே! உங்கப்பா வாசிக்கவும் செய்வாரா, ராய்ஸ்?”

“சீட்டாட்டம்தான்,” என்றார் ராய்ஸ்.

மூவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“வெள்ளம் வந்த வருஷம். வேலை இல்லாம உட்கார்ந்து ஆடினாங்க. எங்கப்பா தோத்துட்டாரு. மெரின், அட்டையில அப்படியே எழுது.”

“அப்பா! இத்தனை வருஷம் இல்லவே இல்லைன்னு ஊரோட சண்டை போட்டுட்டு…”

“எழுதுன்னா எழுது.”

“அப்போ புதுப் பலகை?” என்றார் டெஸ்மண்ட்.

“வேண்டாம். இருக்கறபடியே வார்னிஷ் அடிச்சாப் போதும்.”

டெஸ்மண்ட் அவரைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் உப்புத்தாளை எடுத்து, பென்சில் கோட்டின் மேல் தேய்க்கத் தொடங்கினார்.

ஜெயித்துவிட்ட சந்தோஷம் நோலாவின் முகத்தில் இல்லை. “அட, நான் சும்மா கிண்டலுக்குத்தானே கேட்டேன். உங்கப்பா நல்ல மனுஷன், ராய்ஸ். நான் பிறந்த அன்னிக்கு, வெள்ளத்துல, கையில என்னோட இருந்த எங்கம்மாவைப் படகுல ஏத்திட்டு வந்தவரே அவர்தானே. ஒரு பலகை போனா என்ன?”

“லாமிங்டன் ஒண்ணு கொடு,” என்றார் ராய்ஸ். “மாடு கறக்க நேரமாச்சு.”

முதுகு வளையாமல் நடந்து போனார். வழியில், வேலி போட்ட அந்த மேட்டருகே தொப்பியைக் கழற்றிவிட்டு ஒரு கணம் நின்றார்.

ஹால்டேன் குடும்பம் கடைசியில் குற்றத்தை ஒப்புக்கொண்டது என்று, கண்காட்சியில் அந்த அட்டையைப் படித்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

அது தவறு. கொட்டும் மழையில் ஒரு குழந்தையைத்தான் அந்தத் தாயால் மழைக்கோட்டுக்குள் மூடிக் காப்பாற்ற முடிந்தது. நோலாவோடு பிறந்த இன்னொரு குழந்தை அந்த மேட்டில், அந்தப் பலகையில் செய்த செடார் பெட்டிக்குள் உறங்குகிறது. அது நோலாவுக்கு ஒருநாளும் தெரியக்கூடாது என்று அந்தத் தாய்க்கு வாக்குக் கொடுத்தவர்கள் ஹால்டேன்கள்.