முதல் வரிசை

"ஊரே உன்னை மனசைப் படிக்கிறவன்னு சொல்லுது. பெத்த அப்பா மனசைப் படிக்க மாட்டியா?" என்றாள் அம்மா.

பக்கவாதத்தில் பேச்சை இழந்த அப்பா, ஆஸ்பத்திரிக் கட்டிலில் எதையோ சொல்லத் தவித்துக்கொண்டிருந்தார்.

"அது மேடை வித்தைம்மா. நிஜமா யார் மனசையும் யாராலும் படிக்க முடியாது."

"என்கிட்டயே கதை விடாதே. உன் முதுகுக்குப் பின்னால சிலேட்டுல எழுதினதை நீ திரும்பிப் பாக்காமலே சொல்லலையா?"

பக்கத்துக் கட்டில்காரரும் எழுந்து உட்கார்ந்தார். "பெரியவருக்காக ஒரு தடவை பண்ணுங்க தம்பி."

"என்னால முடியாதுங்க."

"முடியாதாமில்ல? ஒரு ஷோ விடாம முதல் வரிசையில உக்காந்து உன்னைப் பாத்த மனுஷன்டா அவர்" என்றாள் அம்மா.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். முதல் வரிசையிலிருந்து சிலேட்டைப் படித்து, காதைத் தொட்டும் மூக்கைத் தடவியும் அவனுக்கு விடை சொன்னவரே அப்பாதான். அம்மாவிடம்கூட இருவரும் மூச்சு விட்டதில்லை.

அப்பாவுக்கு அசைந்த ஒரே கை மெல்ல எழுந்து காதைத் தொட்டது. மறுபடி தொட்டது. அவர் கண்கள் அவனையே கெஞ்சின.

அவர்களுடைய குறிகளில் நிறமும் பூவும் எண்ணும்தான் இருந்தன. வலிக்கிறது, பயமாயிருக்கிறது என்பதற்கெல்லாம் குறி வைத்துக்கொள்ள இருவருக்கும் தோன்றவில்லை.

"என்னடா சொல்றார்?"

"சிவப்புங்கிறார்ம்மா."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நெருங்கி உட்கார்ந்தாள்.

"பாத்தியா, உன்னால முடியுதே. அப்புறம் என்ன சொல்றார்?"