கூடுதலாக ஒரு பிளக் பாயிண்ட்

ஆபீஸ் கட்டடத்தில் ஒவ்வொரு பிளக் பாயிண்டுக்கும் நூற்றெண்பது வோல்ட் ஆம்பியர் என்று மின்சார லோடு கணக்கில் சேர்க்க வேண்டும்; அந்தக் கணக்கு என் வேலை. அதில் யாராவது எதையாவது சொருகினாலும் சரி, ஆயுள் முழுக்கச் சும்மா கிடந்தாலும் சரி. வரைபடத்தில் நாற்பத்தொரு பாயிண்ட் இருந்தது. மாடியைச் சுற்றிவந்து எண்ணினால் நாற்பத்திரண்டு.

வயரிங் வேலை எடுத்திருந்தவர் அக்கா வீட்டுக்காரர்.

"மச்சான், தூண்ல ஒண்ணு கூடுதலா இருக்கு. நாளைக்கு இன்ஸ்பெக்டர் வந்தா மானம் போயிடும்."

"நான் வைக்கவே இல்ல மாப்ளே."

கழற்றிப் பார்த்தார். பின்னால் வயரே இல்லை. அதை எடுத்துவிட்டு ஓட்டையைப் பூசி மூடினார். டீ குடித்துவிட்டு வந்து எண்ணினோம். நாற்பத்திரண்டு. இப்போது ஜன்னலோரம் இருந்தது. அதையும் எடுத்துப் பூசினார். அடுத்தது பாத்ரூம் வாசலில் முளைத்தது.

"நல்ல சரக்கு மாப்ளே, ஓசியில வருது" என்று அதையும் கழற்றி, மூன்றையும் பைக்குள் போட்டுக்கொண்டார்.

நான்காவது மீட்டிங் அறையில் இருந்தது. அதில் ஒரு சார்ஜர் சொருகி, ஸ்விட்சும் போட்டிருந்தது. தொட்டேன், சூடாக இருந்தது. அதன் வயர் தொங்கி வளைந்து, மறுமுனை சுவருக்குள் போயிருந்தது. பூச்சில் ஒரு கீறல்கூட இல்லை.

மச்சான் பூச்சுக் கரணையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"யாரோ சார்ஜ் போட்டிருக்காங்க. பாதியில பிடுங்கினா நல்லாருக்காது. லோடுல சேர்த்துடு."

நூற்றெண்பதைக் கூட்டினேன். படுத்தபடி போன் பார்க்கிறவர்கள் புரண்டு படுத்தால் வயர் இழுபடுமே, அதுபோல அந்த வயர் இன்னும் ஒரு சாண் சுவருக்குள் போனது.